ஊசி ஈயா, சதை ஈயா? புழு மனையில் எடுத்த ஏழு படங்களைக் கொண்டு இனம் காண உதவி வேண்டும்

மல்பெரித்தோட்டம் (தேன்கனிக்கோட்டை) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடும்பம் தேன்கனிக்கோட்டைக்கு அருகே இரண்டு ஏக்கரில் மல்பெரி பயிரிட்டு வெண்பட்டுக்கூடு எடுத்து வருகிறது. புழு மனையை என் தந்தையார் பார்த்துக்கொள்கிறார். நான் ஆசிரியராகப் பணியாற்றுவதால் விடுமுறை நாட்களில் மட்டுமே உதவ முடிகிறது. இந்த முறை 150 முட்டைத் தொகுதிகள் வளர்த்தோம். புழுக்கள் நான்காம் தோலுரிப்பை முடித்து, ஐந்தாம் பருவத்தின் மூன்றாம் நாளில் இருந்தபோது, வடக்குச் சன்னலில் வலையின் ஓரம் கிழிந்திருப்பதைக் கண்டோம். அன்று மாலையே அதைத் தைத்துவிட்டோம் என்றாலும், அதற்குள் சில ஈக்கள் உள்ளே வந்துவிட்டன.

என் தந்தையார் பார்த்தவுடன், உயிருள்ள பட்டுப்புழுவைத் தாக்கும் ஊசி ஈ என்றார். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரோ, அது செத்த புழுவைத் தேடி வரும் சதை ஈ என்றும், உயிருள்ள புழுவை அது ஒன்றும் செய்யாது என்றும் சொன்னார். இருவருமே நாற்பது ஆண்டுகளாகப் பட்டுப்புழு வளர்ப்பவர்கள். நான் என் கைபேசியில் ஏழு படங்கள் எடுத்தேன். முதல் படம், வலைமேல் அமர்ந்திருந்த ஈயை மேலிருந்து எடுத்தது. இரண்டாம் படம் அதே ஈயைப் பக்கவாட்டிலிருந்து அளவுகோலோடு எடுத்தது. ஏறத்தாழ 11 மில்லிமீட்டர் நீளம் தெரிகிறது. மூன்றாம் படத்தில் தாங்கிக்கு அடியில் இறந்து கிடந்த புழுவின்மேல் ஒரு ஈ இருக்கிறது. நான்காவது தலைப்பகுதி, சற்று மங்கலாக வந்துவிட்டது. ஐந்தாவதில் ஒரு புழுவின் தோலில் வெண்ணிறப் புள்ளி ஒன்றும், ஆறாவதில் வேறொரு புழுவின் பக்கத்தில் கருந்தழும்பு ஒன்றும் உள்ளன. ஏழாவது, தரையின் வெடிப்பிலிருந்து எடுத்த செம்பழுப்பு நிறக் கூட்டுப்புழுக்கள்.

படம் பார்த்துப் பெயர் சொல்லும் கைபேசிச் செயலி ஒன்றில் இவற்றைப் பதிவேற்றினேன். முதல் படத்துக்கு வீட்டு ஈ என்றும், இரண்டாம் படத்துக்கு எக்சோரிஸ்டா லார்வேரம் என்றும் அது பெயர் காட்டியது. இரண்டும் ஒரே ஈயின் படங்கள் என்பதால் எனக்கு எதை நம்புவது என்று தெரியவில்லை. படங்களைக் கொண்டே இனத்தை உறுதியாகச் சொல்ல முடியுமா? முடியாதென்றால் வேறு எந்தக் கோணத்தில் எடுத்து அனுப்ப வேண்டும்? அறிந்தவர்கள் காரணத்தோடு விளக்கினால் என் மாணவர்களுக்கும் எடுத்துச் சொல்வேன்.


ஈரிறக்கை எழுதியது:

வணக்கம் அம்மா. அளவுகோலை வைத்துப் படம் எடுத்ததற்கும், ஈயை மட்டுமின்றிப் புழுவையும் கூட்டுப்புழுவையும் சேர்த்து எடுத்ததற்கும் முதலில் நன்றி. ஒட்டுண்ணி ஈக்களை அடையாளம் காணச் சொல்லி வரும் படங்களில் பெரும்பாலானவை முதுகுப்பக்கம் மட்டும் தெரியும் ஒற்றைப் படமாகவே இருக்கும். அதை வைத்து எவரும் நேர்மையாக ஒரு பெயர் சொல்லிவிட முடியாது.

உங்கள் படங்களில் இருப்பது ஒரு வகை ஈ அல்ல, இரண்டு வகை. வலைமேல் இருக்கும் ஈ வேறு, இறந்த புழுவின்மேல் இருக்கும் ஈ வேறு. ஆகவே உங்கள் தந்தையார் சொன்னதும் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் சொன்னதும், அவரவர் பார்த்த ஈயைப் பொறுத்தவரை சரியாக இருந்திருக்க வாய்ப்புண்டு.

மூன்றாம் படத்திலிருந்து தொடங்குகிறேன். அந்த ஈயின் மார்பில் மூன்று கருங்கோடுகள் தெளிவாகத் தெரிகின்றன. வயிற்றுப்பகுதி சதுரங்கக் கட்டம்போல் வெள்ளியும் கருப்பும் மாறிமாறி இருக்கிறது, கண்கள் செந்நிறம். இவை மூன்றும் சேர்ந்தால் அது சதை ஈக்களின் குடும்பம், அதாவது சார்க்கோஃபேஜிடே. இக்குடும்பத்தில் பெரும்பாலான இனங்கள் முட்டை இடுவதில்லை, புழுக்களையே நேரடியாக ஈனும். நோயால் இறந்து அழுகத் தொடங்கிய பட்டுப்புழுக்களைத் தேடி இவை வருவது வழக்கம். அதற்குமேல் அதன் இனப்பெயரை இந்தப் படத்திலிருந்து சொல்ல முயல்வது வீண். சார்க்கோஃபேகா பேரினத்தின் இனங்கள் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருப்பதால், ஆணின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்த்தே பிரிக்கிறார்கள்.

இனி வலைமேல் இருந்த ஈ. அதன் மார்பில் நான்கு கருங்கோடுகள் உள்ளன. செயலி தடுமாறியதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் வீட்டு ஈக்கும் மார்பில் நான்கு கோடுகள்தாம். ஆனால் வீட்டு ஈ 6 அல்லது 7 மில்லிமீட்டர் அளவில் நின்றுவிடும். உங்கள் ஈயின் நீளம் 11 மில்லிமீட்டர். அளவுகோல் இல்லாத படத்தில் செயலிக்கு மட்டுமல்ல, மனிதருக்கும் இந்த வேறுபாடு புலப்படாது. சிறகில் நடு நரம்பு முன்னோக்கி வளைந்திருப்பதைச் சிலர் அடையாளமாகச் சொல்வார்கள். வீட்டு ஈ, சதை ஈ, நீல ஈ, ஒட்டுண்ணி ஈ ஆகிய எல்லாவற்றிலும் அந்த வளைவு இருப்பதால் இங்கே அது நமக்கு உதவாது.

உதவக்கூடியவை இரண்டு உறுப்புகள். இரண்டுமே பக்கவாட்டுப் படத்தில்தான் தெரியும். முதலாவது, பின்னங்கால் உடலோடு சேரும் இடத்துக்குச் சற்று மேலே, மார்பின் பக்கச்சுவரில் வரிசையாக நிற்கும் முள்மயிர்கள். வீட்டு ஈயின் குடும்பத்தில் இந்த வரிசை கிடையாது. சதை ஈ, நீல ஈ, ஒட்டுண்ணி ஈ ஆகிய மூன்று குடும்பங்களிலும் உண்டு. இரண்டாவது, மார்பின் முதுகுப்பக்கம் முடியும் இடத்தில் இருக்கும் முக்கோணத் தகட்டுக்கு நேர் கீழே உள்ள மேடு. முக்கோணத் தகட்டை ஸ்கூட்டெல்லம் என்றும், கீழே இருக்கும் மேட்டைச் சப்ஸ்கூட்டெல்லம் என்றும் சொல்வார்கள். டாக்கினிடே என்னும் ஒட்டுண்ணி ஈக் குடும்பத்தில் இந்த மேடு நன்றாகப் புடைத்து, பக்கவாட்டில் பார்க்கும்போது தகட்டுக்கு அடியில் இன்னொரு சிறு தலையணையை வைத்ததுபோல் தெரியும். சதை ஈயிலும் நீல ஈயிலும் அந்த இடம் தட்டையாகவோ உட்குழிந்தோ இருக்கும். உங்கள் இரண்டாம் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் சிறகின் அடிப்பகுதிக்குப் பின்னால் அந்தப் புடைப்பின் ஓரம் தெரிகிறது. வயிற்றின் பின்பாதியில் நிமிர்ந்து நிற்கும் தடித்த முள்மயிர்களையும் சேர்த்துப் பார்த்தால், இது டாக்கினிடே என்பதில் எனக்கு ஐயமில்லை.

இந்தக் குடும்பத்தில் மட்டும் உலகெங்கும் 8,500க்கும் மேற்பட்ட இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. செயலி காட்டிய எக்சோரிஸ்டா லார்வேரம் ஐரோப்பாவில் நன்கு அறியப்பட்ட இனம். அங்கிருந்து எடுத்த படங்கள் ஏராளமாகப் பதிவேறியிருப்பதால் அந்தப் பெயர் முன்னுக்கு வருகிறது. பேரினம் ஏறக்குறைய சரியாகவே விழுந்திருக்கிறது, இனம் விழவில்லை.

பட்டுப்புழுவைத் தாக்கும் ஊசி ஈயின் பெயர் எக்சோரிஸ்டா பாம்பைசிஸ். உங்கள் ஈயின் அளவு, நான்கு கோடுகள், கருஞ்சாம்பல் நிறம், கூம்பிய வயிறு ஆகியவை அதற்குப் பொருந்துகின்றன. ஆனாலும் தலை தெளிவாகத் தெரியும்வரை அதை எழுத்தில் உறுதிப்படுத்த நான் தயங்குகிறேன். உணர்கொம்பின் கடைசிக் கணுவிலிருந்து கிளம்பும் மெல்லிய இழையை, அதாவது அரிஸ்டாவை, பார்க்க வேண்டும். வீட்டு ஈயில் அது நுனிவரை இறகுபோல் கிளைத்திருக்கும். சார்க்கோஃபேகாவில் அடிப்பாதி மட்டும் கிளைத்து நுனி வெறுமையாக இருக்கும். எக்சோரிஸ்டாவில் முழுதும் மழுமழுவென்று வெறும் இழையாக இருக்கும். உங்கள் நான்காம் படம் இதற்குத்தான் மங்கிவிட்டது.

நிறத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்த ஈக்களின் உடலில் தெரியும் வெள்ளிப் பட்டைகள், மேலே படிந்திருக்கும் மிக நுண்ணிய பொடியால் வருபவை. ஒளி விழும் கோணம் மாறினால் பட்டைகளும் இடம் மாறும். பிளாஷ் போட்டு எடுத்த படத்தில் கோடுகள் மறைந்துபோவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். ஆகவே ஒரே ஈயைச் சற்றுத் திருப்பித் திருப்பி நான்கைந்து படங்கள் எடுப்பது மிகவும் பயன்படும்.


பென்னாகரம் பட்டு விவசாயி எழுதியது:

வணக்கம் சகோதரி. ஈரிறக்கை ஐயா ஈயைப் பார்த்துச் சொன்னார். நான் புழுவைப் பார்த்துச் சொல்கிறேன். உங்கள் ஐந்தாம் படமும் ஆறாம் படமும் என் கண்ணுக்கு முதல் இரண்டு படங்களைவிட வலுவான சான்று.

ஐந்தாம் படத்தில் இருப்பது முட்டை. அரை மில்லிமீட்டர் அளவில், பாலேட்டு நிறத்தில், நீள்வட்டமாகத் தோலோடு ஒட்டியிருக்கிறது. மல்பெரி இலைத் துணுக்கோ சுண்ணாம்புத் தூளோ என்றால் ஊதினால் பறந்துவிடும், நகத்தால் தொட்டால் நகரும். இது பசை போட்டதுபோல் நிற்கும். ஊசி ஈ ஒரு புழுவில் ஒன்றிரண்டு முட்டைகளைத்தான் ஒட்டும். சதை ஈ முட்டை இடுவதில்லை என்று ஐயா சொல்லியிருப்பதால், தோலில் ஒட்டிய முட்டை என்பதே பாதி வழக்கைத் தீர்த்துவிடுகிறது.

ஊசி ஈ என்ற பெயரைக் கேட்டுப் பலர் அது புழுவை ஊசிபோல் குத்தி உள்ளே முட்டை இடுகிறது என்று நம்புகிறார்கள். நானும் முதல் சில ஆண்டுகள் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்த ஈக்குக் குத்தும் உறுப்பு எதுவும் கிடையாது. ஈயின் புழுவைச் சப்பானிய மொழியில் உஜி என்பார்கள். அந்தச் சொல்தான் ஆங்கிலம் வழியாக நம்மிடம் வந்து, நம் காதுக்குப் பழகிய ஊசியாக மாறிவிட்டது. குத்துவது தாய் ஈ அல்ல. இரண்டு மூன்று நாட்களில் முட்டையிலிருந்து வெளிவரும் அதன் புழுதான் தோலைத் துளைத்து உள்ளே போகிறது.

ஆறாம் படத்தில் உள்ள கருந்தழும்பு அந்தத் துளைதான். உள்ளே போன ஈயின் புழுவுக்குக் காற்று வேண்டும். அது தன் பின்முனையை அந்தத் துளையின் பக்கமாக வைத்துக்கொண்டு மூச்சு விடுகிறது. துளையைச் சுற்றிப் பட்டுப்புழுவின் திசு கருத்துத் தடித்துவிடுகிறது. நோய்ப் புள்ளியையும் இதையும் பிரித்தறிய, ஒரே புழுவை இரண்டு நாள் தொடர்ந்து படம் எடுங்கள். ஊசி ஈயின் தழும்பு ஒன்றோ இரண்டோதான் இருக்கும், நாளுக்கு நாள் பெரிதாகும்; நடுவில் துளையும் தெரியும்.

முட்டை விழும் நாளையும் கவனிக்க வேண்டும். நான்காம் பருவத்தின் கடைசியில் முட்டை விழுந்தால், அது பொரிப்பதற்குள் புழு தோலுரித்துவிடும். முட்டை பழைய தோலோடு போய்விடும். ஐந்தாம் பருவத்தில் கூடு கட்டும்வரை தோலுரிப்பு கிடையாது, ஆகவே அப்போது விழுந்த முட்டை தப்புவதில்லை. உங்கள் வலை கிழிந்தது ஐந்தாம் பருவத்தின் தொடக்கத்தில் என்பது எனக்குக் கவலையளிக்கிறது. பருவத்தின் தொடக்கத்தில் தாக்கப்பட்ட புழு கூடு கட்டும் முன்பே சாகும். கடைசி நாட்களில் தாக்கப்பட்டது கூட்டைக் கட்டிவிடும், ஆனால் ஈயின் புழு கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். அப்படித் துளை விழுந்த கூட்டிலிருந்து நூல் எடுக்க முடியாது. சந்தையில் அதைத் தனியாக ஒதுக்கிவிடுவார்கள்.

இந்த ஈ நம் பக்கத்துக்குப் பழையதல்ல. மேற்கு வங்காளத்திலிருந்து வந்த பட்டுக்கூடுகளோடு 1980ஆம் ஆண்டில் கருநாடகத்துக்கு வந்து, அங்கிருந்து தமிழ்நாட்டுக்கும் ஆந்திரத்துக்கும் பரவியது. உங்கள் தந்தையார் வயதுக்காரர்கள் இது இல்லாத காலத்தையும், வந்த காலத்தையும் நேரில் பார்த்தவர்கள். அவர் பார்த்தவுடன் பெயர் சொன்னதில் எனக்கு வியப்பில்லை.

தழும்பு உள்ள புழுக்களை எறிந்துவிடாதீர்கள். பத்துப் பன்னிரண்டு புழுக்களைத் தனித்தனிப் புட்டியில் இலை போட்டு வையுங்கள். அவற்றிலிருந்து என்ன வெளிவருகிறது என்பதைக் காட்டிலும் உறுதியான பதில் எந்தப் படத்திலும் கிடைக்காது.


குறும்படக்காரன் (கோவை) எழுதியது:

பூச்சிகளை அண்மையில் வைத்துப் படம் எடுப்பது என் பல ஆண்டுப் பழக்கம். ஈரிறக்கை கேட்ட கோணங்களைக் கைபேசியிலேயே எடுப்பதற்கு வழி சொல்கிறேன்.

உயிருள்ள ஈயைத் துரத்தி எடுக்கும் படத்தில் அரிஸ்டா தெளிவாக விழுவது அரிது. ஈயை ஒரு சிறு கண்ணாடிப் புட்டியில் பிடித்து, குளிர்பதனப் பெட்டியின் உறைபகுதியில் இரண்டு மூன்று நிமிடம் வையுங்கள். அது மயங்கி அசையாமல் இருக்கும். அதற்குமேல் விட்டால் இறந்துவிடும். வெளியே எடுத்து வெள்ளைத் தாளின்மேல் வைத்தால், அது மீண்டும் நடக்கத் தொடங்குவதற்குள் ஒன்றிரண்டு நிமிடங்கள் கிடைக்கும். கிராப் தாளின்மேல் வைத்தால் அளவும் தானாகப் பதிவாகிவிடும். நாணயத்தை அளவுக்காக வைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை, ஏனென்றால் ஒரே மதிப்புள்ள நாணயங்கள் வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு அளவில் வெளிவந்திருக்கின்றன.

கைபேசிக் கேமராவின்மேல் மாட்டும் சிறிய மாக்ரோ வில்லை இருந்தால் நல்லது. ஈக்கு மிக நெருங்கிப் போனால் தெளிவாகத் தெரியும் ஆழம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகிவிடும். தலை தெளிந்தால் வயிறு மங்கும். எனவே எல்லாவற்றையும் ஒரே படத்தில் கொண்டுவர முயலாமல், எந்த உறுப்பைக் காட்ட வேண்டுமோ அந்த உறுப்புக்காகத் தனிப்படம் எடுங்கள். முகத்தை நேர் எதிரிலிருந்தும், தலையைப் பக்கவாட்டிலிருந்தும், முக்கோணத் தகட்டின் அடிப்பகுதியைப் பின்னால் சற்றுத் தாழ்வான கோணத்திலிருந்தும் எடுத்தால் அவர் கேட்டவை கிடைத்துவிடும். சிறகு மடிந்து அந்த மேட்டை மறைத்தால், ஈர்க்குச்சி முனையால் மெல்ல விலக்கிவிடலாம்.

ஒளிக்குப் பிளாஷ் வேண்டாம். சன்னலோரப் பகல் வெளிச்சத்தில், ஒரு பக்கம் வெள்ளைத் தாளை நிமிர்த்தி வைத்தால் நிழல் மென்மையாகும். படத்தைச் சமூக ஊடகம் வழியாக அனுப்பினால் சுருங்கி முள்மயிர்கள் அழிந்துவிடும். மூலக் கோப்பையே இங்கே பதிவேற்றுங்கள்.


மல்பெரித்தோட்டம் எழுதியது:

மூவருக்கும் என் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், ஏனென்றால் சொன்னபடியே காத்திருந்து பார்த்துவிட்டு எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

தழும்பு இருந்த பன்னிரண்டு புழுக்களைத் தனிப்புட்டிகளில் வைத்தோம். அவற்றில் ஒன்பது புழுக்களிலிருந்து வெண்மஞ்சள் நிறப் புழுக்கள் வெளிவந்தன. வந்தவுடன் அவை வெளிச்சத்தை விட்டு விலகி, புட்டியின் அடியில் போட்டிருந்த மணலுக்குள் நுழைந்தன. மறுநாள் பார்த்தபோது செம்பழுப்பு நிறக் கூட்டுப்புழுக்களாக இறுகிவிட்டிருந்தன. மீதி மூன்று புழுக்கள் இறந்துபோயின. அவற்றிலிருந்து எதுவும் வரவில்லை. தாங்கிக்கு அடியில் இறந்து கிடந்த ஒரு புழுவையும் தனியாக வைத்துப் பார்த்தோம். அதிலிருந்தும் புழுக்கள் வந்தன, ஆனால் ஒரே உடலிலிருந்து பதினைந்துக்கும் மேல்.

பதினோராம் நாள் காலையில் முதல் ஈ வெளிவந்தது. என் தந்தையார் என்னை அழைத்துக் காட்டியபோது அது வெளிறிய சாம்பல் நிறத்தில், சிறகுகள் கசங்கி, முகம் வீங்கியதுபோல் இருந்தது. நாங்கள் இருவருமே இது வேறு ஏதோ ஈ என்று நினைத்துவிட்டோம். இரண்டு மணி நேரத்தில் சிறகு விரிந்து நிறம் கருத்தது. அதன் பிறகே வலைமேல் பார்த்த ஈயைப் போலிருந்தது. இரண்டு நிலைகளின் படங்களையும் இணைத்துள்ளேன். குளிரில் வைத்து எடுத்த முகம், பக்கவாட்டுத் தலை, பின்கோணம் ஆகிய படங்களும் உள்ளன. காலியான கூட்டுப்புழு ஓடுகளின் படங்களையும், இறந்த புழுவிலிருந்து வந்தவற்றின் ஓடுகளையும் தனித்தனியே பெயரிட்டு வைத்திருக்கிறேன்.

ஒரு ஐயம் உள்ளது. முன்பு தரை வெடிப்பிலிருந்து எடுத்த கூட்டுப்புழுக்களில் நான்கிலிருந்து ஈ வரவே இல்லை. அவற்றின் பக்கத்தில் குண்டூசித் தலைக்கும் சிறிய வட்டத் துளை ஒன்று இருக்கிறது. புட்டிக்குள் மிகச் சிறிய கரிய பூச்சிகள் பல இறந்து கிடந்தன. இவை என்ன?


ஈரிறக்கை எழுதியது:

படங்களை நிதானமாகப் பார்த்தேன். இவ்வளவு பொறுமையாகச் செய்திருக்கிறீர்கள் என்பது மனத்துக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது.

பக்கவாட்டுத் தலைப்படத்தில் அரிஸ்டா தெளிவாக, கிளையே இல்லாமல், அடியில் சற்றுத் தடித்து நுனியை நோக்கி மெலிந்து தெரிகிறது. பின்கோணப் படத்தில் சப்ஸ்கூட்டெல்லம் ஐயத்துக்கு இடமின்றிப் புடைத்திருக்கிறது. உயிருள்ள பட்டுப்புழுவின் தோலில் முட்டை, வேறொரு புழுவில் தழும்பு, தழும்புள்ள புழுக்களிலிருந்து வந்த ஈ என்ற தொடர்ச்சியும் உங்களிடம் இருக்கிறது. இவற்றைச் சேர்த்து, உங்கள் ஈயைப் பட்டுப்புழுவின் ஊசி ஈ என்று நான் உறுதியாகச் சொல்வேன். பெயரை எழுதும்போது எக்சோரிஸ்டா பாம்பைசிஸ் என்று எழுதி, பட்டுப்புழுவிலிருந்து வளர்த்துப் பெறப்பட்டது என்ற குறிப்பையும் அவசியம் சேர்த்துக்கொள்ளுங்கள். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எக்சோரிஸ்டா சார்பில்லன்ஸ் என்ற நெருங்கிய உறவுடைய இன்னொரு இனத்தின் பெயரும் நம் நாட்டுப் பட்டு ஆய்வுகளில் நெடுங்காலமாக இதே ஈக்கு மாறிமாறி வழங்கி வந்திருக்கிறது. அந்த நெருக்கத்தில் இருக்கும் இனங்களைப் பிரிக்க ஆண் ஈயின் வயிற்று நுனியைத் திறந்து பார்க்க வேண்டும். படத்தால் அது முடியாது. எந்தப் படத்தின் கீழும் வெறும் இனப்பெயரை மட்டும் எழுதிவிட்டால், பின்னால் வருபவர் அதை எதைக் கொண்டு சரிபார்ப்பார்?

முகம் வீங்கிய ஈயைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஓட்டைத் தள்ளித் திறப்பதற்காக இந்த வகை ஈக்களின் நெற்றியிலிருந்து ஒரு பை உப்பி வெளிவரும். வேலை முடிந்ததும் அது உள்ளே சுருங்கிவிடும். அந்த நேரத்தில் எடுத்த படங்கள் இனம் காண்பவர்களை அடிக்கடி ஏமாற்றுகின்றன. ஈ வெளிவந்து சில மணி நேரமாவது கழித்து எடுப்பது நல்லது.

காலி ஓடுகள் உங்கள் கேள்விக்கு விடை சொல்லிவிட்டன. ஈ வெளிவந்த ஓட்டில் முன்முனை மூடிபோல் கழன்றிருக்கிறது. நீங்கள் சொன்ன நான்கு ஓடுகளில் மூடி அப்படியே இருக்கிறது, பக்கத்தில் மட்டும் கடித்து உண்டாக்கிய வட்டத் துளை. அது குளவியின் வேலை. ஊசி ஈயின் கூட்டுப்புழு ஓட்டுக்குள் முட்டை இட்டு, கூட்டுப்புழுவை உண்டு வளர்ந்து வெளிவரும் மிகச் சிறிய குளவிகள் இவை. நெசோலிங்க்ஸ் தைமஸ் என்ற குளவியை இதற்காகவே வளர்த்துப் பட்டு விவசாயிகளுக்குக் கொடுக்கிறார்கள். மைசூரிலுள்ள மத்திய பட்டு ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிலையம் அதைப் பரப்பியது. ஆனால் இந்த வேலையைச் செய்யும் குளவிகள் வேறு சிலவும் இருப்பதால், இறந்து சுருண்ட உடல்களின் படத்தை மட்டும் வைத்து உங்களுடையது அதுதான் என்று சொல்ல மாட்டேன். அக்கம்பக்கத்தில் யாராவது அண்மையில் குளவி விட்டார்களா என்று விசாரித்துப் பாருங்கள். துளை விழுந்த ஓடுகளையும், இன்னும் எதுவும் வெளிவராத கூட்டுப்புழுக்களையும் எரித்துவிடாமல், ஈ தப்பாத நெருக்கமான வலை கட்டிய புட்டியில் வையுங்கள். அவற்றுள் இன்னும் குளவிகள் இருக்கலாம்.

இறந்த புழுவிலிருந்து வந்த ஓடுகளின் பின்முனையையும் பார்த்தேன். மூச்சுத் துளைத் தகடுகள் ஆழமான குழிக்குள் அமிழ்ந்திருக்கின்றன. உயிருள்ள புழுவிலிருந்து வந்தவற்றில் அவை மேற்பரப்பிலேயே கரிய பொட்டுகளாகத் தெரிகின்றன. குழிக்குள் இருப்பது சதை ஈ. ஒரே உடலிலிருந்து பதினைந்துக்கும் மேல் வந்ததும் அதற்குப் பொருந்துகிறது. தரையில் கிடைக்கும் கூட்டுப்புழு எதுவாயினும் அதன் பின்முனையைப் பெரிதாக்கிப் பார்த்தால், ஈ வெளிவரும்வரை காத்திருக்காமலே இரண்டையும் பிரித்துவிடலாம். உங்கள் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரிடம் இந்த இரண்டு படங்களையும் அருகருகே காட்டுங்கள்.

ஒரு வேண்டுகோள். வெளிவந்த ஈக்களில் இரண்டு மூன்று ஆண்களை ஊசியில் குத்திக் காயவைத்துப் பாதுகாத்து வையுங்கள். ஆணுக்கு இரு கண்களுக்கும் இடையிலுள்ள நெற்றி பெண்ணைவிடக் குறுகலாக இருக்கும். முகத்தை நேராக எடுத்த படங்களில் மூன்றாவதும் ஐந்தாவதும் ஆண் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒவ்வொன்றின் கீழும் ஊர், நாள், எந்தப் புழுவிலிருந்து வந்தது என்பதை எழுதிய சிறு சீட்டு இருக்க வேண்டும். சாராயத்தில் ஊற வைப்பதைவிட இந்தக் குடும்பத்துக்குக் காயவைப்பதே ஏற்றது, ஏனென்றால் உடல்மேல் படிந்த வெள்ளிப் பொடியின் தோற்றம் ஈரத்தில் மறைந்துவிடும்.


மல்பெரித்தோட்டம் எழுதியது:

மூன்று ஆண் ஈக்களையும் இரண்டு பெண் ஈக்களையும் காயவைத்துவிட்டேன். சீட்டில் தேன்கனிக்கோட்டை, வெளிவந்த நாள், பட்டுப்புழு ஐந்தாம் பருவம், தனிப்புட்டி எண் ஆகியவற்றை எழுதியிருக்கிறேன். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் இரண்டு ஓடுகளின் படங்களையும் நெடுநேரம் பார்த்தார். அவருடைய மனைக்கு அடியிலிருந்து எடுத்த கூட்டுப்புழுக்களை ஒரு தீப்பெட்டியில் போட்டு இன்று காலை கொண்டுவந்து கொடுத்தார். பதினெட்டு இருந்தன, பின்முனையைப் பார்த்ததில் ஐந்து குழியுள்ளவை, பதின்மூன்று குழியில்லாதவை. போன மாதம் பட்டு வளர்ச்சித் துறையின் தொழில்நுட்ப சேவை மையத்தின் வழியாக அவர் குளவி வாங்கி விட்டதாகவும் சொன்னார். எங்கள் நான்கு ஓடுகளின் துளைக்கு அதுவே காரணமாக இருக்கலாம். குளவி உயிரோடு வெளிவந்தால் குளிரில் வைத்துப் படம் எடுத்து இங்கேயே சேர்க்கிறேன்.